ஏரோபிளேனில் என் கால் பங்கு

எனக்கு ஏரோபிளேனில் கால் பங்கு இருக்கிறது என்று சிவகாசியில் யாரிடமாவது சொன்னால், "எந்தக் கம்பெனி சரக்கு? தரையில சுத்துமா, மேல போகுமா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் ஊரில் அந்தப் பெயரில் ஒரு பட்டாசு உண்டு. அதற்கான லேபிளை என் அச்சகத்திலேயே பல சீசன் அடித்துக் கொடுத்திருக்கிறேன். நான் சொல்வது நிஜ விமானம். மூக்கில் ஒற்றை விசிறி, நாலே நாலு இருக்கை, உயரமான ஆள் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். என் மகளைவிட நாலு வயது மூத்தது. அதில் பதினொரு வருஷம் எனக்குக் கால் பங்கு இருந்தது. போன வருஷம் விற்றேன். எவ்வளவுக்கு என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எப்படி விற்றேன் என்று ஒருவரும் கேட்பதில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

மூன்று பேர் சேர்ந்து வாங்கியது அது. நான் ஒருவன், சிவகாசியில் பட்டாசு லேபிள் அடிக்கும் ஆப்செட் அச்சகம் வைத்திருப்பவன். இரண்டாவது ஆள் என் மனைவியின் அண்ணன். வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலை வைத்திருக்கிறார். ஊரிலிருந்து காரில் ஒரு மணி நேரம் போனால், கரிசல் காட்டுக்கு நடுவே ஒரு தனியார் ஓடுதளம் இருக்கிறது. நாங்கள் இருவரும் நாற்பதைத் தாண்டிய பிறகு அங்கேதான் ஓட்டக் கற்று லைசென்ஸ் எடுத்தோம். அதை எங்கள் வீட்டுப் பெண்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று எழுதினால் இது வேறு கதையாகிவிடும். மூன்றாவது ஆள் விருதுநகரில் பருப்பு மண்டி வைத்திருக்கும் அண்ணாச்சி. எங்களைவிடப் பன்னிரண்டு வயது பெரியவர். அவருக்கு ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளும் எண்ணமும் இல்லை. பின் இருக்கையில் ஏறி பெல்ட்டை மாட்டினால், தரையை விட்டுக் கிளம்பும் முன்பே தூங்கிவிடுவார். பிறகு எதற்கு உங்களுக்குப் பங்கு என்று கேட்டதற்கு, "மச்சானும் மாப்பிள்ளையும் மட்டும் சேந்து ஒரு பொருளை வாங்குனா ஒரே வருசத்துல சண்டை வந்துரும்லே. நடுவுல ஒருத்தன் வேணும்" என்றார்.

நாலாவது பங்காளி இருக்கன்குடி மாரியம்மன்.

சிரிக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் கூட்டாகத் தொழில் தொடங்கும்போது சாமிக்கும் ஒரு பங்கு எழுதுகிறவர்கள் உண்டு. அது பெரிய பங்கெல்லாம் இல்லை. வருகிற லாபத்தில் ஒரு சின்ன அளவைச் சாமி பேரில் ஒதுக்கிக் கோயில் காரியத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதியவர் அண்ணாச்சியின் கணக்கப்பிள்ளை. அவருக்குத் தெரிந்தது கூட்டு வியாபாரம். விமானத்தில் லாபம் என்று ஒன்று கிடையாது, செலவுதான் உண்டு என்பது அவருக்கு யார் சொல்லியும் விளங்கவில்லை. லாபம் இல்லையென்றால் சாமிக்கு எதிலிருந்து கொடுப்பது என்று ரொம்ப யோசித்தவர், விமானத்தையே நாலு சமபங்காகப் போட்டு ஒன்றை அம்மன் பேரில் எழுதிவிட்டார். நாங்களும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டோம். ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு பணம் கொடுத்துவிட்டு ஆளுக்குக் கால் பங்குக்குச் சொந்தக்காரர்கள் ஆனது உலகத்தில் நாங்கள் மூன்று பேர்தான் என்று நினைக்கிறேன்.

தப்பு தெரிந்தபோது மச்சான் திருத்தி எழுதலாம் என்றார். அண்ணாச்சி ஒரே பிடியாக மறுத்துவிட்டார். "எளுதினது எளுதினதுதான். சாமிக்குக் குடுத்ததைத் திருப்பி வாங்குவீகளோ?" என்றார். அப்படியானால் பங்குக்கு ஏற்ற முறையும் வேண்டும் அல்லவா? ஞாயிற்றுக்கிழமைகளை நாலாகப் பிரித்தோம். ஒன்று எனக்கு, ஒன்று மச்சானுக்கு, ஒன்று அண்ணாச்சிக்கு, ஒன்று அம்மனுக்கு. அம்மன் முறையில் நாங்கள் சொந்தப் பொழுதுபோக்குக்குப் பறப்பதில்லை. மச்சானின் ஆலையிலும் என் அச்சகத்திலும் அண்ணாச்சியின் மண்டியிலும் வேலை செய்கிறவர்கள், அவர்கள் வீட்டு ஆட்கள் என்று மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போவோம். காசு கிடையாது. பட்டாசு ஆலைகளுக்கு மேலே போகாமல் விலகிச் சென்று, வைப்பாற்றைப் பார்த்துவிட்டு, தூரத்தில் இருக்கன்குடிக் கோபுரம் தெரியும் இடத்தில் ஒரு வட்டம் அடித்துத் திரும்புவோம். இருபது நிமிஷம். யார் யார் எப்போது என்பது அண்ணாச்சி கடையில் இருக்கும் ஒரு நோட்டில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். வரிசையை மீறி யாரையும் ஏற்றுவதில்லை. ஒருமுறை அண்ணாச்சியின் சம்பந்தி வந்து கேட்டபோதுகூட அவர் பெயரைக் கடைசியில் எழுதிக்கொண்டு காபி கொடுத்து அனுப்பினார்கள்.

உண்மையைச் சொன்னால் என் சொந்த ஞாயிறுகளைவிட அம்மன் முறை ஞாயிறுகளில்தான் நான் நன்றாக ஓட்டினேன். கூட மூன்று பேர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, நமக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு தானாக வருகிறது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அச்சகத்தில் ஒரு நிறம் மயிரிழை தள்ளி விழுந்தாலும் கத்துவேன். மேலே ஏறிவிட்டால் நான் வேறு ஆள். அங்கே ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. இதை என் மனைவியிடம் பெருமையாகச் சொன்னபோது, "அப்ப அங்கனயே இருந்துக்க வேண்டியதுதானே" என்றாள்.

பிறகு கண் போனது. முழுக்கப் போகவில்லை. அச்சகத்தில் இடதுபக்கம் அடுக்கியிருக்கும் காகிதக் கட்டில் அடிக்கடி தோளை இடித்துக்கொண்டேன். வைத்தவன் மேல்தான் கோபப்பட்டேன், என் கண்ணைச் சந்தேகப்படவில்லை. லைசென்ஸுக்காக இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை செய்யும் மருத்துவப் பரிசோதனையில்தான் தெரிந்தது. ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, எங்கே வெளிச்சப் புள்ளி தெரிந்தாலும் பொத்தானை அழுத்த வேண்டும். நான் அழுத்திக்கொண்டேதான் இருந்தேன். முடிந்த பிறகு டாக்டர் காட்டிய தாளில் இடது ஓரம் முழுக்கக் கறுப்பாக இருந்தது. கிளாக்கோமா என்றார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி ஓரப் பார்வையைத் தின்றுவிட்டதாம். போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம், லேபிள் பார்க்கலாம், கார்கூடப் பார்த்து ஓட்டலாம், விமானம் மட்டும் கூடாது என்று சொன்னார். கை குலுக்கிவிட்டு வெளியே வந்து காரில் உட்கார்ந்து அழுதேன்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் பங்கை வைத்துக்கொண்டே இருந்தேன். யார் முறையானாலும் ஞாயிறு தவறாமல் ஓடுதளத்துக்குப் போவேன். என் முறை வந்தால், கொட்டகையில் நிற்கும் விமானத்தைத் துணியால் துடைப்பேன். ஏறி உட்கார்ந்து எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கி வருவேன். மச்சான், "வாங்க மாப்ளே, நான் ஓட்டுதேன், நீங்க பக்கத்துல சும்மா உக்காருங்க" என்று எத்தனையோ தடவை கூப்பிட்டார். அந்தச் சும்மா என்ற சொல்தான் எனக்கு ஆகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டு வருவதற்கு வீட்டிலேயே இருக்கலாம் என்று வீம்பாக மறுத்தேன். என் ஞாயிறுகளில் விமானம் நின்றே கிடந்தது. நின்றால் இன்ஜின் கெட்டுவிடும் என்று ஓடுதளத்து மெக்கானிக் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

கடைசியில் என் மனைவிதான் பேச்சை எடுத்தாள். "ஓட்டவும் மாட்டீக, ஓட்ட ஆசைப்படுத ஆளுக்கு விடவும் மாட்டீக. ஞாயித்துக்கெளம தவறாமப் போயி அதுக்குக் காவல் இருக்கீக. அதைக் குடுத்துட்டா ஒரு நாளாவது வீட்டுல மொகத்தைப் பாத்துப் பேசலாம்" என்றாள். விற்றுவிடுகிறேன் என்றேன்.

வாங்க வந்தவர் சாத்தூர்க்காரர். தீப்பெட்டி ஆலைகளுக்கு இயந்திரம் செய்து கொடுக்கும் பட்டறை வைத்திருக்கிறார். முப்பத்தைந்து வயது இருக்கும். எங்கள் ஓடுதளத்திலேயே மணிக்கணக்குக்கு வாடகை கொடுத்து ஓட்டிப் பழகியவர். அவர் ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். தரை இறக்கும்போது பஞ்சு மாதிரி வைப்பார். அது என்னைவிட நன்றாக இருந்ததும் இன்னொரு வயிற்றெரிச்சல். ஆனாலும் மனுஷன் நல்ல மனுஷன். அம்மன் முறையைப் பற்றிச் சொன்னதும், "எங்க அம்மாவும் தீப்பெட்டி ஒட்டுனவதான், அண்ணாச்சி. அந்த ஞாயித்துக்கெளமைய முளுசா நானே பாத்துக்கிடுதேன்" என்றார். இதற்கு மேல் என்ன வேண்டும்?

அவர் தரப்பில் ஒரு வக்கீல் வந்து எங்கள் ஒப்பந்தத்தை வாசித்தார். பங்காளிகள் அனைவரும் சம்மதித்தால் மட்டுமே ஒருவர் தம் பங்கை விற்கலாம் என்று அதில் இருந்தது. வக்கீல் சிரித்துக்கொண்டே, "மூணு பேர் சம்மதம் இருக்கு. நாலாவது பங்காளிகிட்ட யார் கையெழுத்து வாங்குறது?" என்றார். அவர் சொன்னது வேடிக்கைக்கு. மச்சானும் சிரித்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. "அவ பங்காளி இல்லையா? அவளைக் கேக்காம நாமளா எப்படிக் குடுக்க? போயிப் பூக்கட்டிப் பாப்போம்" என்றார்.

பூக்கட்டிப் பார்ப்பது எங்களுக்குப் புதிதில்லை. பெண் பார்த்தாலும் கிணறு வெட்டினாலும் செய்வதுதான். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் வெளியே தெரியாமல் மடித்து அம்மன் முன்னால் போடுவார்கள். கேட்கிறவர் மனதுக்குள் கேட்க வேண்டும். விவரம் தெரியாத யாராவது ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சரி. சிவப்பு வந்தால் வேண்டாம். அவ்வளவுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எல்லோரும் இருக்கன்குடி போனோம். ஆடியில்லாத நாள் என்பதால் கூட்டம் குறைவு. கண் நோய் தீர வேண்டி நேர்ந்துகொண்டு கோயிலிலேயே தங்கியிருக்கிறவர்கள் மண்டபத்தில் படுத்திருந்தார்கள். என் மனைவி வெள்ளியில் கண்மலர் வாங்கி உண்டியலில் போட்டாள். சாத்தூர்க்காரர் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, புது வேட்டியில் வந்திருந்தார். அவர் பைக்கின் முன்னால் ஒரு பெட்டி மாட்டியிருந்தது. என்ன தம்பி என்று கேட்டதற்கு, விமானத்தில் மாட்டிக்கொள்ளப் புது ஹெட்செட் வாங்கியிருப்பதாக வெட்கத்தோடு சொன்னார்.

"விக்கவன் நீதான். நீதான் மனசுல கேக்கணும்" என்று அண்ணாச்சி என்னை முன்னால் நிறுத்தினார். என் பங்கை இந்தத் தம்பிக்குக் கொடுக்கலாமா என்று கேட்க வேண்டும். வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். கண்ணை மூடினேன். பக்கத்தில் யாரோ ஒரு பெண், "ஆத்தா, கண்ணைத் திறந்து பாரு தாயே" என்று விம்மிக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் என் மனது கட்டுப்படவில்லை. அது கேட்டது வேறு. ஆத்தா, நான் இனிமேல் அதை ஓட்டுவேனா?

ஒரு பாட்டம் கேட்டு முடித்துவிட்டேன். மாற்றிக் கேட்பதற்குள், வரிசையில் நின்ற ஒரு சிறுமி பூசாரி சொன்னபடி பொட்டலத்தை எடுத்துவிட்டாள். பிரித்தால் சிவப்பு அரளி.

மச்சான் என்னை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டார். "பாத்தீகளா மாப்ளே! ஆத்தாவுக்கே மனசு வரலை. பங்கு ஒங்ககிட்டதான் இருக்கணும்னு சொல்லிட்டா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. சாத்தூர்க்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா சொன்னா சொன்னதுதான், அண்ணாச்சி. வருத்தமில்ல" என்று சொல்லிவிட்டு, எங்களோடு சாப்பிடக்கூட வராமல் பைக்கை எடுத்துக்கொண்டு போனார். அந்தப் பெட்டி முன்னால் ஆடிக்கொண்டே போனது. வாயைத் திறந்து சொல்ல வேண்டியவன் நான் ஒருவன்தான். நான் பேசாமல் நின்றேன்.

ஏனென்றால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் ஒளிக்க விரும்பவில்லை. பங்கு கையை விட்டுப் போகவில்லை. விற்க மாட்டேன் என்று நானும் சொல்லவில்லை. பழியெல்லாம் அம்மன் மேல். இப்படி ஒரு வசதி யாருக்குக் கிடைக்கும்? அந்தச் சந்தோஷம் வீடு வந்து சேரும்வரைதான் இருந்தது. வீட்டில் காலைக் கழுவும்போதுதான் உறைத்தது. அம்மன் அவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. எனக்குச் சொல்லியிருக்கிறாள். நான் கேட்டதற்குச் சொல்லியிருக்கிறாள். இல்லை என்று சொல்லியிருக்கிறாள்.

ஒன்பது நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். அந்த ஒன்பது நாளும் அச்சகத்தில் ஒருவரும் என் பக்கம் வரவில்லை. ஒரு பூச்சட்டிப் பட்டாசு லேபிளில் மஞ்சள் தூக்கலாக இருக்கிறது என்று இரண்டாயிரம் தாளைக் கிழிக்கச் சொன்னேன். பிறகு எடுத்துப் பார்த்தால் மஞ்சள் சரியாகத்தான் இருந்தது. பத்தாம் நாள் காலையில் இட்லி வைத்துக்கொண்டே மனைவி கேட்டாள். "விக்கச் சொன்னப்பவும் கடுகடுன்னு இருந்தீக. விக்க வேண்டாம்னு பூ வந்த பெறகும் கடுகடுன்னு இருக்கீக. இப்ப என்ன வந்துச்சு?"

சொல்லிவிட்டேன். சட்டினியைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, "அன்னைக்கு நானும் பங்கைப் பத்திக் கேக்கலை. ஆத்தா, இவுக கண்ணைக் குடுன்னுதான் கேட்டேன்" என்றாள். இன்னும் இரண்டு இட்லியை வைத்துவிட்டு, "சாப்பிட்டு விருதுநகர் போயி அண்ணாச்சிகிட்ட உள்ளதைச் சொல்லுங்க. நான் எங்க அண்ணனையும் அங்கன வரச் சொல்லுதேன்" என்று போனை எடுத்தாள்.

அண்ணாச்சியின் மண்டிக்குப் பக்கத்துச் சரக்குக் கிட்டங்கியில் அன்று மிளகாய் வத்தல் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நெடியில் பேச வாய் திறந்தால் இருமல் வந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. அதில் எவ்வளவு மிளகாயால் வந்தது என்று எனக்கே தெரியாது. இருமி இருமிச் சொல்லி முடித்தேன். மச்சானுக்குத்தான் முதலில் கோபம் வந்தது. "என்ன மாப்ளே இது, சாமிகிட்டப் போயிக் கள்ளாட்டமா? ஒங்களுக்காக நான் ஓடுதளத்துல வச்சு அந்தத் தம்பிகிட்ட எம்புட்டு எகத்தாளமாப் பேசிட்டேன் தெரியுமா?" என்று எழுந்து நின்றுவிட்டார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

அண்ணாச்சி ஒரு கை துவரம்பருப்பை எடுத்து விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏலே, நீ கேட்டது ஓட்டுவேனான்னுதானே?" என்றார்.

"ஆமா, அண்ணாச்சி."

"செவப்பு வந்துச்சு."

"ஆமா."

"இனிமே என்ன செய்ய? திரும்பப் போயிப் பூக்கட்டிப் பாக்கணுமோ?" என்று மச்சான் கேட்டார்.

"எதுக்கு?" என்றார் அண்ணாச்சி. "ஒரு பங்காளிகிட்ட ஒரே காரியத்துக்கு எத்தனை நடை நடப்பே? நீ இனிமே ஓட்டமாட்டேன்னு சொன்னவ, பங்கை வச்சுக்கோன்னா சொல்லுவா?" பருப்பைச் சாக்கில் போட்டுவிட்டுக் கையைத் தட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "அந்தத் தம்பிக்குப் போன்ல சொல்லாத. நேருல போ. போயி நான் தப்பாக் கேட்டுட்டேன்னு சொல்லு" என்றார். குரல் கடுமையாகத்தான் இருந்தது. ஆனால் நான் எழுந்தபோது என் இடது பக்கம் நின்ற தராசில் இடித்துக்கொள்ளாமல் கையைப் பிடித்து நகர்த்திவிட்டார்.

நேராகச் சாத்தூர் போனேன். பட்டறையில் கிரீஸ் கையோடு வந்தார். நடந்ததைச் சொன்னேன். என் மகனாக இருக்கும் வயது. ஆனாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் ரொம்ப நேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "பத்து நாளா எனக்குத் தூக்கமில்ல, அண்ணாச்சி. ஆத்தாவுக்கு என்னையப் பிடிக்கலையோன்னு நெனைச்சேன். நம்ம மேல என்ன குத்தம்னு எங்க அம்மா கேட்டுக்கிட்டே இருக்கா" என்றார். செருப்பால் அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. விமானத்தைத் தவிர வேறு எதையும் நினைக்காமல் இருந்துவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது. "ஆத்தாவுக்குப் பிடிக்காதது என் புத்தியைத்தான், தம்பி. அம்மாட்ட நானே வந்து சொல்லுதேன்" என்றேன். வீட்டுக்குக் கூட்டிப்போனார். அந்த அம்மாவிடம் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "கண்ணு போன துக்கம்லா. வேற என்ன கேக்கத் தோணும்?" என்று எனக்காகப் பேசினார். கிளம்பும்போது அரைக் கிலோ காராச்சேவு கட்டிக் கொடுத்தார்கள். ஊர் வந்து சேருவதற்குள் பாதியைத் தின்றிருந்தேன். பத்து நாளில் அன்றுதான் ருசி தெரிந்தது.

அடுத்த வாரம் கையெழுத்துப் போட்டோம். சாவியை அவர் கையில் கொடுத்தேன். அவர் முதல்முறையாகச் சொந்தக்காரராக ஏறி ஓட்டிப் போவதைக் கீழே நின்று பார்த்தேன். இடது பக்கமாகத் திரும்பியதும் என் பார்வையிலிருந்து மறைந்துவிட்டது. தலையைத் திருப்பித் தேடிக் கண்டுபிடித்தேன். இந்தத் திருப்புவதுதான் இப்போது பழக்கமாகி வருகிறது.

ஞாயிற்றுக்கிழமைகள் வீட்டுக்கு வந்தன. முதலில் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு மனைவியோடு சந்தைக்குப் போக ஆரம்பித்தேன். அவள் கத்தரிக்காய் பொறுக்குவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தில் நான் மதுரைக்குப் பறந்து திரும்பியிருப்பேன். அதைச் சொல்லிக் கேலி செய்வேன், அவளும் பதிலுக்குக் கொடுப்பாள். மச்சானுக்குக் கோபம் தீர இரண்டு மாதம் ஆனது. தீர்ந்ததும் பழையபடி முன்னிருக்கைக்குக் கூப்பிட்டார். நான் பழையபடி மறுத்தேன்.

ஒருநாள் அண்ணாச்சி கடையிலிருந்து போன் வந்தது. வருகிற ஞாயிறு அம்மன் முறை, வரிசையில் உங்கள் பெயர் வந்திருக்கிறது, காலை ஏழு மணிக்கு ஓடுதளத்துக்கு வந்துவிடுங்கள் என்று கணக்கப்பிள்ளை யாரிடமோ பேசுவதுபோல் ஒப்பித்தார். நான் பெயர் கொடுக்கவில்லையே என்றேன். அடுப்படியிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "நான்தான் குடுத்தேன். கையெழுத்துப் போட்ட அன்னைக்கே குடுத்தேன். எங்கண்ணன் கூப்பிட்டா வீம்பு பண்ணுவீக. ஆத்தா கூப்பிட்டாலுமா?" எட்டு மாதம் என் பெயர் அந்த நோட்டில் வரிசையில் காத்திருந்திருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போனேன். அன்று ஓட்டியவர் சாத்தூர்க்காரர். மற்றவர்களைப் போலவே என்னையும் ஏற்ற வேண்டும், தெரிந்தமாதிரிக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று முந்தின நாளே அவரிடம் சொல்லியிருந்தேன். நோட்டு வரிசைப்படி மண்டியில் மூட்டை தூக்கும் ஒருவருக்கு முன்னிருக்கை. பின்னால் நானும், மச்சானின் ஆலையில் பாக்கெட் போடும் தாயில்பட்டிப் பெண் ஒருவரும். நாற்பது வயது இருக்கும், பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து வந்திருந்தார். அவருக்கு என்னைத் தெரியாது. பெல்ட்டை எப்படி மாட்டுவது என்று தவித்தார். மாட்டிவிட்டேன்.

இன்ஜின் சத்தம் ஏறி, ஓடத் தொடங்கியதும் அந்தப் பெண் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். தரை விலகியது. என் கைக்கு வேலை இல்லை, காலுக்கு வேலை இல்லை. பதினொரு வருஷமாக இந்த நேரத்தில் நான் வேகத்தைப் பார்த்திருக்கிறேன், உயரத்தைப் பார்த்திருக்கிறேன், அடிவானத்தைப் பார்த்திருக்கிறேன். ஜன்னல் வழியாகச் சும்மா கீழே பார்த்ததில்லை. கரிசல் காட்டில் நடுநடுவே பச்சை. தூரத்தில் தள்ளித் தள்ளிக் கட்டிய பட்டாசுக் கொட்டடிகள். வைப்பாற்று மணலில் ஆடுகளை ஓட்டிப் போகும் ஒரு ஆள். அவர் நிழல் அவரைவிட நீளமாக இருந்தது. "அந்தப் பக்கம் பாருங்க, கோவுரம் கோவுரம்!" என்று அந்தப் பெண் என் இடது பக்கம் கை காட்டினார். முழுசாகத் தலையைத் திருப்பினேன். காலை வெயிலில் கோபுரம் சின்னதாகத் தெரிந்தது. என்னால் அடக்க முடியவில்லை. கண்ணீர் வழிந்து சட்டையில் விழுந்தது.

அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டார். சத்தத்தில் எனக்குக் கேட்க வேண்டும் என்று காதருகே குனிந்து, "அண்ணாச்சி, ஒங்களுக்கும் இதான் மொத வாட்டியா?" என்று கேட்டார்.

"ஆமா, தாயி" என்றேன்.

"பயப்படாதீக" என்று என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நல்லாத்தான் ஓட்டுதாரு."